கரிப்பலகை

லாரிச் சாமியோட மடத்துல சாமி படம் கம்மி. சாப்பாட்டுக் கூடத்துச் சுவத்துல ஒரு கரும்பலகைதான் பெருசா இருக்கும். முன்னாடியெல்லாம் அதுல அன்னைக்கு என்ன குழம்புன்னு எழுதியிருக்கும். தனுஷ்கோடி வந்ததுக்கப்புறம், யாரு எத்தனை கிலோன்னு எழுதியிருக்கும்.

கிலோன்னா உடம்பு எடை இல்லை. புகை. ஒரு ஆளு சாப்பிட, குளிக்க, வண்டியில போக, விசிறி போட்டுத் தூங்க, ஒவ்வொண்ணுக்கும் எங்கேயோ எதுவோ எரியுதுல்ல? அப்படி எரிஞ்சு, அவரு பேருக்கு எவ்வளவு கரியமில வாயு மேல போச்சுங்கிற கணக்கு. மடத்துல அதைக் கரிப்பலகைன்னு சொல்வாங்க.

"புகைக்கு எடை உண்டா?"ன்னு சமையல்கார ராக்கம்மா ஒருநாள் கேட்டுட்டாங்க. தனுஷ்கோடி அரை மணி நேரம் நின்னு விளக்கினாரு. அதுக்குள்ள ரசம் அடிப்பிடிச்சுது. அந்தப் புகையையும் எழுதிக்கிட்டாரு.

தனுஷ்கோடிக்கு வயசு அறுபத்துமூணு. கடலோரத்துல ஒரு அனல்மின் நிலையத்துல முப்பத்தோரு வருஷம் பாய்லர் இன்ஜினியரா இருந்து ஓய்வு வாங்கினவரு. மனைவி சிவகாமி இறந்ததும் வீட்டைப் பூட்டிட்டு வந்து சாமிகிட்ட சீடராச் சேர்ந்தாரு. பதினாலு மாசம் ஆச்சு.

சாமி அவரைவிட ஒன்பது வயசு சின்னவரு. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவரு. ஒருநாள் சரக்கை இறக்கினாரு, சாவியை முதலாளி கையில கொடுத்தாரு, இந்த மலையடிவாரத்துக்கு நடந்தே வந்து உட்கார்ந்துட்டாரு. ஏன் சாமின்னு கேட்டா, "இடுப்பு வலி"ம்பாரு.

பலகையில முதல் இடம் சாமிக்குத்தான். அது அவரே கேட்டு வாங்கினது.

"என் லாரியையும் சேர்த்து எழுதுங்க, இன்ஜினியரே."

"அது மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, சாமி."

"முன்னாடி ஓட்டினது நான்தானே?"

தனுஷ்கோடி கணக்குப் போட்டாரு. ஆயிரத்து நூத்தி எண்பது டன். மத்தவங்க பேருக்கெல்லாம் கிலோவுலயும், அஞ்சாறு டன்லயும் இருக்க, சாமி பேரு மட்டும் தேர் மாதிரி நிக்கும். மடத்துக்கு வர்றவங்களுக்கெல்லாம் சாமி அதைக் காட்டுவாரு. "பாத்தீங்களா? நான்தான் முதல்."

ரெண்டாவது ராக்கம்மா. அதுல அவங்களுக்குச் சம்மதமே இல்லை.

"அடுப்பு எரிஞ்சா என் பேரா?"

"அடுப்பு எரிக்கிறது நீங்கதானேம்மா."

"சாப்பிட்டது யாரு?"

"எல்லாரும்."

"அப்போ சாப்பிட்டவங்க பேருல எழுதுங்க. நான் ஒரு தோசைதான் சாப்பிட்டேன். ஒரு தோசைக்கு எவ்வளவோ அதைப் போடுங்க."

மூணாவது காசிலிங்கம். மடத்துக்குக் காய்கறி வாங்கிட்டு வர்றவரு. பலகையில பேரு ஏறினதுல இருந்து மொபெட்டைத் தொடறதில்லை. நடந்து போய் வாங்கிட்டு வந்தாரு. கீரை வந்து சேரும்போது ஊறுகாய்க்குத்தான் ஆகும்போல இருந்துச்சு. அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் வண்டியில பின்னாடி உட்கார்ந்து வர ஆரம்பிச்சாரு. கேட்டா, "வண்டி அவனுது, புகை அவனுக்கு. நான் சும்மா உட்கார்ந்துதானே வர்றேன்?"ன்னாரு.

கடைசி இடம் தனுஷ்கோடிக்கு. முன்னூத்திப் பத்து கிலோ. விசிறி கிடையாது. வெந்நீர் கிடையாது. காலையில ஊற வைச்ச அவல், அதுவும் அடுப்பு காணாதது. அந்த முன்னூத்திப் பத்தை அவரு எழுதற அழகைப் பார்க்கணும். சுண்ணாம்புக்கட்டியைக் கூராச் சீவிக்கிட்டு எழுதுவாரு.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான், ஒரு திங்கக்கிழமை கனடாவுல இருந்து மக செண்பகாகிட்ட இருந்து செய்தி வந்துச்சு.

"அப்பா, சிட்டுவுக்குத் தை பொறந்தா பதினோரு மாசம். காது குத்தணும். மடியில வைச்சுக்க எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. உங்க மடிதான். அவளைத் தூக்கிட்டு வரட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட் போடணும்."

தனுஷ்கோடி பேத்தியைப் போன்ல பார்த்ததோட சரி. மகளை நேர்ல பார்த்தே ஒண்ணேகால் வருஷம் ஆகுது. சிவகாமியோட பதினாறாம் நாள் காரியத்தோட போனவ.

அவரு நோட்டை எடுத்தாரு. தூரம் எழுதினாரு. பெருக்கினாரு. பதில் அனுப்பினாரு.

"போக வர மூணு டன் ஆகும் அம்மா. குழந்தைக்குத் தனி. வேண்டாம். அங்கேயே குத்திடு. நான் வீடியோவுல பார்த்துக்கறேன்."

ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு.

"சரிப்பா."

அவ்வளவுதான். திட்டலை. கெஞ்சலை. தனுஷ்கோடி அந்த 'சரிப்பா'வை ரெண்டு நாளா எடுத்து எடுத்துப் பார்த்தாரு. நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு அவருக்குத் தெரியலை.

புதன்கிழமை சாயங்காலம் சாமிகிட்ட போனாரு. சாமி காசிலிங்கத்தோட மொபெட் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தாரு.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"மக வர்றேன்னா. மூணு டன் ஆகும், வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"மூணு டன்னா? சின்ன வண்டி தாங்காதே."

"விளையாடாதீங்க சாமி. நான் செஞ்சது சரியா தப்பா?"

சாமி டியூபைத் தண்ணியில முக்கினாரு. காத்து முட்டை விடுதான்னு பார்த்தாரு.

"கணக்கு சரியா?"

"ரெண்டு தடவை போட்டேன். சரிதான்."

"அப்புறம் ஏன் தூங்கலை?"

தனுஷ்கோடி குனிஞ்சு பஞ்சர் பசை டப்பாவை மூடி வைச்சாரு.

"நாளைக்கு விறகு எடுக்கப் போறோம்ல," சாமி சொன்னாரு. "நீங்களும் வாங்க."

விறகு விஷயத்துலயும் ஒரு வழக்கு இருந்துச்சு. கட்டுக் கணக்குல எழுதினா ஒத்துக்க மாட்டேன், எடை போட்டு எழுதுங்கன்னு ராக்கம்மா ஒத்தைக்கால்ல நின்னாங்க. அதனால இந்தத் தடவை மொத்த லோடையும் எடைமேடையில ஏத்திப் பார்த்துடறதுன்னு தனுஷ்கோடி முடிவு பண்ணியிருந்தாரு.

வியாழக்கிழமை காலையில ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட மினி லாரியை இரவல் வாங்கினாங்க. சாமி ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவினாரு. முகத்துல இடுப்பு வலியே தெரியலை.

எடைமேடை நெடுஞ்சாலை ஓரத்துல இருந்துச்சு. தரையோட தரையா ஒரு பெரிய இரும்புப் பலகை. வண்டி அதுமேல ஏறி நின்னா, பக்கத்து அறையில சிவப்பு எழுத்துல எடை வரும். முதல்ல வெறும் வண்டி. அப்புறம் எதிர்ல இருக்கிற டிப்போவுல விறகு ஏத்திட்டு வந்து மறுபடி. ரெண்டையும் கழிச்சா விறகு.

வெறும் வண்டியை ஏத்தினாங்க. அறைக்குள்ள இருந்த அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாங்க.

"டிரைவர் உள்ளேயா, வெளியவா?"

"உள்ளே," சாமி கத்தினாரு.

அந்தம்மா சீட்டுல 'டிரைவருடன்'னு அடிச்சாங்க.

எதிர்ல போய் சவுக்குக் கட்டை ஏத்தினாங்க. ரெண்டு டன்னுன்னு டிப்போக்காரர் சொன்னாரு. திரும்பி வந்து மேடையில ஏறினதும் தனுஷ்கோடியால உட்கார முடியலை. முப்பத்தோரு வருஷம் வேகன் வேகனா நிலக்கரி எடை பார்த்த மனுஷன். குதிச்சு இறங்கி ஓடிப்போய் சிவப்பு எழுத்துக்கு முன்னாடி நின்னாரு.

"டிரைவர்?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

"உள்ளே!"ன்னு சாமி.

சீட்டு வந்துச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிலோ.

தனுஷ்கோடிக்கு முகம் சிவந்துபோச்சு. "எழுபது கிலோ குறையுது! ரெண்டு டன்னுன்னாரே அந்த ஆளு! நாலு கட்டு அடிச்சுட்டான்!"

"டிப்போக்காரர் அப்படிச் செய்ய மாட்டாரே," அந்தம்மா சொன்னாங்க.

"அப்போ உங்க மேடை தப்பு."

அந்தம்மா அவரைத் தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தாங்க. துணிக்கடையில அளவு பார்க்கிற மாதிரி.

"ஐயா எத்தனை கிலோ இருப்பீங்க?"

"நானா? எழுபது. அதுக்கும் இதுக்கும் என்ன..."

"வெறும் வண்டி எடை போடும்போது எங்க இருந்தீங்க?"

"வண்டிக்குள்ள."

"இப்போ எங்க நிக்கிறீங்க?"

தனுஷ்கோடி கீழ பார்த்தாரு. அவரு காலு தரையில இருந்துச்சு.

வண்டிக்குள்ள இருந்து ஹாரன் சத்தம். சாமி ஸ்டீயரிங் மேல குப்புறக் கவுந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

"வெட்கப்படாதீங்க ஐயா," அந்தம்மா சொன்னாங்க. "தினம் நாலு பேர் பண்றதுதான். வெறும் வண்டிக்கு உள்ளே, பாரத்துக்கு வெளியே. கேட்டா மறந்துட்டேன்பாங்க. சில பேர் நிஜமாவே மறந்திருப்பாங்க."

மடத்துக்குக் கிளம்பினாங்க. பின்னாடி கட்டைங்க மட்டும் பேசிக்கிட்டு வந்துச்சு. ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. சாமி இன்ஜினை அணைச்சாரு.

"பலகையில உங்க கணக்கு எந்தத் தேதியில இருந்து, இன்ஜினியரே?"

"மடத்துக்கு வந்த தேதியில இருந்து, சாமி."

"என் கணக்கு?"

"நீங்க லாரி ஏறின தேதியில இருந்து."

"ஓ."

அதோட விட்டுட்டாரு. ரயில் வந்துச்சு. சரக்கு ரயில். வேகன் வேகனா நிலக்கரி. தனுஷ்கோடி தன்னை அறியாமலே எண்ண ஆரம்பிச்சாரு. ஐம்பத்தெட்டுல ரயில் முடிஞ்சுது.

"சாமி, எங்க நிலையத்துல ஒரு பாய்லருக்கு, ஒரு ஷிப்டுல ஆயிரத்து ஐநூறு டன்."

"கரியா?"

"புகை."

"என் இருபத்திரண்டு வருஷம்?"

"என்னோட ஒரு ஷிப்டுக்குப் பத்தாது."

சாமி அவரைத் திரும்பிப் பார்த்தாரு. முகம் விழுந்துபோச்சு.

"அப்போ என் முதல் இடம் போச்சா?"

தனுஷ்கோடி சிரிச்சாரு. சிரிச்ச வாய் அப்படியே கோணிக்கிச்சு. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டாரு. கேட் திறந்துச்சு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சான். சாமி வண்டியை ஓரமா ஒதுக்கினாரு, அவனைப் போகச்சொல்லிக் கையைக் காட்டினாரு.

"மின் நிலையக் குவார்ட்டர்ஸ்ல துணி காயப்போட்டா சாம்பல் விழும் சாமி," தனுஷ்கோடி துண்டுக்குள்ள இருந்தே சொன்னாரு. "சிவகாமி கொடிக்கயிறைத் துடைச்சுட்டுத்தான் துணி போடுவா. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. காரியம் முடிஞ்ச அன்னைக்கு செண்பகா கேட்டா. 'அம்மா முப்பது வருஷமா துடைச்சாங்களே, நீங்க ஒருநாளாவது துடைச்சிருக்கீங்களாப்பா?'ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் இங்க வந்துட்டேன்."

சாமி தலையை ஆட்டினாரு. லாரியில போறவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டுவாங்கல்ல, அந்த மாதிரி.

"வரவேண்டாம்னு மகளுக்கு எழுதினீங்களே."

"ஆமா."

"அப்போ டிரைவர் உள்ளேயா, வெளியவா?"

மடத்துக்குத் திரும்புற வளைவு வந்துச்சு. ஆலமரம் வந்துச்சு. மடமே வந்துருச்சு. வண்டி நின்னதுக்கப்புறம்தான் தனுஷ்கோடி பதில் சொன்னாரு.

"வெளியே, சாமி."

"சரி, இறங்குங்க. விறகு இறக்கணும்."

விறகை இறக்கி முடிச்சதும் தனுஷ்கோடி நேரா கரிப்பலகைக்குப் போனாரு. கடைசியில இருந்த தன் பேரை அழிச்சாரு. ஸ்டூலைப் போட்டு ஏறி, சாமி பேருக்கு மேல எழுதினாரு. நாலு போட்டாரு. அப்புறம் பூஜ்யம் போட்டுக்கிட்டே போனாரு. அஞ்சாவது பூஜ்யத்தோட பலகை முடிஞ்சுபோச்சு.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு," அவரு சொன்னாரு.

"சுவத்துல எழுதுங்க," சாமி சொன்னாரு. "பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்ல."

கரண்டியோட வந்த ராக்கம்மா வாயைப் பிளந்துக்கிட்டு நின்னாங்க. "என்னது இது? போன் நம்பரா?"

"நாலு கோடி டன் அம்மா. நான் பார்த்த பாய்லர், முப்பத்தோரு வருஷம்."

ராக்கம்மா கரண்டியை முந்தானையில துடைச்சாங்க.

"அந்தக் கரண்டு எங்க ஊருக்கும் வந்துச்சுல்ல?"

"வந்திருக்கும்."

"எங்க வீட்டு மிக்ஸி, டிவி, கிணத்து மோட்டாரு. அதெல்லாம் அதுல ஓடினதுதானே? எங்க பங்கை என் பேருல எழுதுங்க. சாப்பிட்டவங்க பேருல எழுதணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"அதைப் பிரிக்கிறது கஷ்டம்மா. எத்தனை ஊரு, எத்தனை வீடு..."

"பிரிங்க. உங்களுக்கு வேற என்ன வேலை?"

காசிலிங்கம் வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. மெதுவாச் சொன்னாரு. "எனக்கும் கொஞ்சம் போட்டுக்குங்க. அந்தப் பின் சீட்டையும் சேர்த்து." அப்புறம் மொபெட் சாவியை ஆணியில இருந்து எடுத்துக்கிட்டு, கீரை வாங்கப் போனாரு.

சாயங்காலம் ஆறு மணிக்கு, கனடாவுல விடிஞ்சிருக்கும்னு கணக்குப் பார்த்து, தனுஷ்கோடி போன் போட்டாரு. பலகைக்கு முன்னாடியே உட்கார்ந்துக்கிட்டாரு. கையில பிடிப்பு வேணும்போல இருந்துச்சோ என்னவோ, சுண்ணாம்புக்கட்டியை விடலை.

"அம்மா செண்பகா."

"சொல்லுங்கப்பா."

"டிக்கெட் போட்டுடு."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"மூணு டன் என்னாச்சு?"

"மூணு டன் மூணு டன்தான். அது குறையாது. என் பேருல எழுதிட்டேன்." சுண்ணாம்புக்கட்டியை உருட்டினாரு. "அன்னைக்கு நீ கேட்டியே, ஒருநாளாவது துடைச்சிருக்கீங்களான்னு."

"அப்பா, அதை விடுங்க. அன்னைக்கு ஏதோ கோவத்துல..."

"இல்லம்மா. துடைக்கலை. ஒருநாள்கூடத் துடைக்கலை. அதைச் சொல்ல முடியாமத்தான் வரவேண்டாம்னேன். விமானத்து மேல பழியைப் போட்டேன்."

பின்னாடி குழந்தை ஏதோ தட்டைத் தட்டுற சத்தம் மட்டும்.

"அப்பா."

"என்னம்மா?"

"மூணு டன் செலவு பண்ணி வந்துட்டு ஒரு வாரத்துல திரும்ப முடியாது. ரெண்டு மாசம் இருப்பேன்."

"இரு."

"அடுத்த அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து இருந்துட்டு வருவேன்."

"இரு."

"உங்க மடத்துல அவலைத் தவிர ஏதாவது கிடைக்குமா?"

ராக்கம்மா உள்ளே இருந்து கத்தினாங்க. "கிடைக்கும்னு சொல்லுங்க! சுடச்சுடக் கிடைக்கும்னு சொல்லுங்க! என் பேருல எழுதிக்கிறேன்!"

போனை வைச்சிட்டு தனுஷ்கோடி எழுந்தாரு. நாலு கோடிக்குப் பக்கத்துல, சுவத்துல, சின்னதா ஒரு கூட்டல் குறி போட்டு, மூணுன்னு எழுதினாரு. குழந்தைக்குத் தனியா ஒரு புள்ளி வைச்சு ஒரு மூணு.

வெளியே வந்தாரு. சாமி லாரியைத் திருப்பிக் கொடுக்கிறதுக்காகக் கழுவிக்கிட்டு இருந்தாரு. தனுஷ்கோடி நேத்துக் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டாரு.

"சாமி, மகளை வரச்சொல்லிட்டேன். இப்போ நான் செஞ்சது சரியா தப்பா?"

சாமி கண்ணாடியைத் துடைச்சாரு. தள்ளி நின்னு பார்த்தாரு. மறுபடியும் ஒரு மூலையைத் துடைச்சாரு.

"சரியா தப்பா, எனக்குத் தெரியலை இன்ஜினியரே. சீட்டுல 'டிரைவருடன்'னு அடிச்சுக்கலாம்."